செனோவியாவின் சிவப்பு வாளிகள்

புரூத் ஆற்றங்கரை மாவட்டத்தில் செனோவியா ஐந்து முறை கவுன்சில் தலைவியாக ஜெயித்தாள்; ஐந்து முறையும் அவளைக் கரையேற்றியது செத்தவர்களின் ஓட்டு. கள்ள ஓட்டு என்று யாரும் வாய் திறக்க முடியாது. கல்லறையிலிருந்து எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, வரிசையில் நின்று அவரவரே போட்டார்கள். முதல் தடவை அப்படி நடந்த வருடம் செர்ரி விளைச்சல் சுமார்தான்.

எல்லாம் ஒரு தப்பில் ஆரம்பித்தது. கவுன்சில் உறுப்பினராக இருந்தவள் தலைவி பதவிக்கு நின்றபோது, ஊர் ஊராகச் சிவப்பு பிளாஸ்டிக் வாளி கொடுத்தாள். உள்ளே எண்ணெய், மாவு, சர்க்கரை. வெளியே அவள் சிரித்த முகம். கொடுத்த நாள் பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை. அன்றைக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கைமாறினால் அது செத்தவர்களுக்கான தானம். பெண்கள் பழக்கத்தில் வாளிமேல் மெழுகுவத்தி ஏற்றி, தங்கள் வீட்டில் செத்தவர் பேரைச் சொல்லி, "போய்ச் சேரட்டும்" என்றார்கள். சாமான் மொத்தமும் வாளியோடு செத்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது. வெறும் கையோடு நின்றவர்கள் கடுப்பில் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். தின்றவர்கள் நன்றி மறக்கவில்லை.

அக்லாயா செனோவியாவுக்கு அண்ணி. அக்லாயாவின் கணவன் இலியே, மாவட்ட ஆஸ்பத்திரியில், கூரை ஒழுகிய கட்டிலில், நெஞ்சுச்சளி கட்டிச் செத்தவன். அந்தக் கூரை வேலைக்கு மூன்று முறை ரிப்பன் வெட்டியவள் செனோவியா. ஓடுகள் அவள் வீட்டு மாடியில் இருந்தன. இந்தக் குடும்பத்து ஓட்டு ஒன்றுகூட அவளுக்கு விழாது என்று அக்லாயா சபதம் போட்டிருந்தாள். ஆனால் சர்ச் வாசலில் வாளியைத் திணித்தபோது, பாழும் வாய் "இலியேவுக்கு" என்று சொல்லிவிட்டது.

மறுநாள் வாக்குச்சாவடி வரிசையில் அவனைப் பிடித்தாள்.

"வெக்கமா இல்லயா உங்களுக்கு?"

"கூடப் பொறந்தவளாச்சே. மாவும் நல்ல மாவு."

"உங்களக் கொன்னவ அவ."

"எங்க பக்கம் கூரையே கிடையாது, அக்லாயா. ஒழுகுற பேச்சுக்கே இடமில்ல."

அதற்கப்புறம் செனோவியா உயிரோடிருப்பவர்களைச் சீண்டவில்லை. கல்லறைத் தோட்டங்களுக்குத் தார்ச் சாலை, தெருவிளக்கு, உட்கார பெஞ்சு. ஆஸ்பத்திரிக் கூரையை மட்டும் தொடவில்லை. மழைக்கு மழை அது புது வாக்காளர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. பாதிரியார் ஒவ்வொரு வெற்றிக்கும் மணியடித்தார். அவருக்கும் ஒரு வாளி உண்டு.

அக்லாயா வாளி கொடுக்கும் சனிக்கிழமைகளில் கதவைத் தாழிட்டுக்கொள்வாள். பக்கத்து வீட்டு பராஸ்கிவாவிடம் சொல்லி வைத்தாள்: "நான் செத்தா என் பேருல ஒரு கரண்டிகூடக் குடுக்காத. ஓட்டுப் போட வெச்சிடுவா."

"அட போடி, எனக்கென்ன வேற வேலையில்லயா?" என்றாள் பராஸ்கிவா.

ஐந்தாவது தேர்தலுக்கு முந்தைய குளிர்காலத்தில் அக்லாயா அதே வார்டில், அதே ஒழுகலுக்குக் கீழே செத்தாள். அங்கே அவள் மட்டும் வெறும் கையோடு நிற்பாளே என்று பராஸ்கிவாவுக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை வாளியை வாங்கி, அக்லாயா பேரைச் சொல்லி, மெழுகுவத்தி ஏற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் இலியேவுக்கு முன்னால் அக்லாயா நின்றாள், கையில் சிவப்பு வாளி. செனோவியா வந்து அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "இப்பவாவது குடும்பம் ஒண்ணா சேந்துச்சே, அண்ணி."

அக்லாயா அவள் முகத்தில் காறித் துப்பப் பார்த்தாள். செத்தவர்களுக்கு எச்சில் ஊறுவதில்லை. வரிசை நகர்ந்தது. உள்ளே போய், வாளியில் சிரித்த முகத்துக்கே ஓட்டைப் போட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் தார்ச் சாலை வழியாகத் திரும்பிப் போனாள்.