சுகர் இல்லாதவளுக்குச் சுகர் மாத்திரை

ரியாசுதீனுக்குக் கோபம் வந்தால் கைதான் முந்தும், காது அப்புறம்தான். செங்கம் ரோட்டில் இருபது வருடமாக கிரில் வெல்டிங் செய்த கை அது.

அன்று காலை அவன் மனைவி அஜ்மத் பேகம் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். மார்புப் புற்றுக்கு மூன்றாவது கீமோ ஏறி நாலு நாள். தண்ணீர் தெளித்து எழுப்பியவன், அவளுடைய மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தான். அதில் கிடந்த ஒரு அட்டை அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தினமும் அவன் விழுங்கும் சுகர் மாத்திரை. அவளுக்கோ சுகரே கிடையாது. போன ரம்ஜானில் நோன்போடு மாத்திரையும் போட்டு, சுகர் இறங்கி, பட்டறையில் செத்துப் பிழைத்தவன் அவன். மெடிக்கல்காரன் மூர்த்தி மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று அந்த நிமிடமே முடிவு கட்டினான். ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளா?

கடைக்குள் ஏறிய வேகத்தில் மூர்த்தியின் சட்டையைப் பிடித்து கவுண்டருக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டான்.

"எம் பொண்டாட்டியக் கொல்லப் பாக்கறியாடா?"

"பாய், டாக்டர் எழுதினதத்தான் குடுத்தேன். சீட்டு இருக்கு, பாரு..."

சொல்லி முடிப்பதற்குள் முதல் குத்து விழுந்தது. பல் ஒன்று தெறித்தது. மூர்த்தியின் மண்டையை ஷோகேஸில் மோதினான். கண்ணாடி நொறுங்கி, சிரப்பும் ரத்தமும் ஒன்றாக வழிந்தன. கிரிவலம் போனவர்கள் நின்று பார்த்தார்களே தவிர, ஒருத்தரும் கிட்டே வரவில்லை. மூலையில் ஷட்டர் இழுக்கும் கம்பி இருந்தது. அதை எடுத்து ஓங்கினான்.

பின்னாலேயே ஆட்டோ பிடித்து வந்த அஜ்மத் குறுக்கே பாய்ந்தாள். ஓங்கிய கம்பி நிற்கவில்லை, அவள் மார்பில் இறங்கியது.

உடைந்த கண்ணாடி மேலேயே உட்கார்ந்தாள். முக்காடு சரிந்து மொட்டைத் தலை தெரிந்தது.

"கீமோ இதயத்தப் பாதிக்கும்னு டாக்டர் சொன்னாங்க," என்றாள் மூச்சு வாங்கியபடி. "இந்த சுகர் மாத்திர போட்டா சேதாரம் கம்மியாகலாம்னு இப்ப ஆராய்ச்சி நடக்குதாம். என்னக் கேட்டுட்டுத்தான் எழுதினாங்க. உங்ககிட்ட சொன்னா டாக்டரையே அடிக்கப் போவீங்கனு சொல்லல."

கம்பி அவன் கையிலிருந்து நழுவியது. எந்த இதயத்தைக் காப்பாற்ற அத்தனை பேரும் பாடுபட்டார்களோ, அதன் மேலேயே அடித்திருக்கிறான். அவளைத் தூக்கக் கையை நீட்டினான். அந்தக் கையைக் கண்டதும் அவள் உடம்பு தானாகப் பின்வாங்கியது.

மூர்த்தி வாயெல்லாம் ரத்தத்தோடு தவழ்ந்து வந்தான்.

"ஆட்டோவப் போகச் சொல்லாதீங்க. ஒடனே ஆஸ்பத்திரி போவணும். எந்திரிங்கம்மா."

அந்நிய ஆணின் விரல்கூடப் படாமல் வாழ்ந்த அஜ்மத், மூர்த்தியின் கையைப் பிடித்து எழுந்தாள்.