பெட்டியில் வந்தது

கணினியில் லாரி ஓட்டும் விளையாட்டுக்குப் புதிய ஊர்களும் சாலைகளும் கூடுதல் பாகமாக வந்திருந்தன. டவுன்லோடு என்ற பேச்சையே ஃபாஸிலா எடுக்கவிடவில்லை. காசு கொடுத்தால் பொருள் கையில் இருக்க வேண்டும். கம்பெனிக்காரன் கடையைச் சாத்திவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? துபாயிலிருந்து வரவிருந்த ஷரீஃப் மாமாவிடம், பெட்டியாகவே வாங்கி வரச் சொன்னாள்.

குளச்சல் வீட்டில் மாமா கார்ட்டனைப் பிரித்தார். விளையாட்டுப் பெட்டி ஒரு மூலைகூட நசுங்காமல் வந்திருந்தது. திறந்தால், உள்ளே மூன்று குப்பி கோடாலித் தைலம்.

"மாமா, இதுக்குள்ள இருந்த டிஸ்க்கு எங்க?"

"டிஸ்க்கு ஒண்ணும் இல்ல மக்கா, வெறும் பெட்டி. பிளைட்ல முப்பது கிலோதான் விடுவான், எடத்த வெறுதே விட முடியுமா? அதான் தைலத்த வச்சேன்."

"வேற ஒண்ணுமே இல்லியா?"

"ஒரு துண்டுக் கடலாசு கெடந்துது. சொரண்டிப் பாத்தேன், என்னமோ நம்பரு. பரிசு ஒண்ணும் விழல்ல. கீறிக் குப்பையில போட்டேன்."

அந்த நம்பரைப் போட்டு டவுன்லோடு செய்துகொள்ள வேண்டும் என்று பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஃபாஸிலா அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு ஒரு குப்பியைத் திறந்து, தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டாள்.