வாய்விட்டுச் சொல்லணும்

சோபாவில் மல்லாந்து கிடந்த டர்னருக்கு அன்று காலையில் மட்டும் நான்காவது தடவையாக ரத்த அழுத்தம் பார்த்தாயிற்று. பட்டையைச் சுற்றிச் சுற்றி இடது முழங்கைக்கு மேலே சிவந்துபோயிருந்தது. கழுத்துவரை போர்வை, தலைமாட்டில் இரண்டு தலையணை, பக்கத்தில் சமையலறை ஸ்டூல். அந்த ஸ்டூல்தான் மருந்து வண்டி. அதன்மேல் காலி மாத்திரை அட்டை, ஒரு தம்ளர் தண்ணீர், பேனா, கையுறை டப்பா எல்லாம் பிசகாமல் வரிசையாக இருந்தன.

“வணக்கம். நான்தான் இன்னிக்கு உங்களைப் பாத்துக்கப்போற நர்ஸ். உங்க முழுப் பேரும் பொறந்த தேதியும் சொல்றீங்களா?” என்றாள் அவன் மனைவி.

“பேரு மகாராஜா. பொறந்த தேதி ஞாபகம் இல்ல. அரண்மனையில கேட்டுச் சொல்றேன்.”

“விளையாடாதீங்க. நாளன்னிக்குப் பரீட்சை.”

“நானா விளையாடறேன்? பதினாறு வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்ப வந்து பேரு என்னான்னு கேக்கறது யாரு?”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாத்திரை அட்டையை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கை தம்ளருக்குப் போயிற்று. உதடு ஒட்டியபடியே இருந்தது.

“ம்ம்,” என்று போர்வைக்குள்ளிருந்து உறுமினான் டர்னர். “வாயி, வாயி.”

“காலாவதித் தேதி பாக்கறேன்…”

“யாருகிட்ட சொல்ற? மாத்திரைகிட்டயா? எனக்கே கேக்கல. பரீட்சை வைக்கிற அந்தம்மாவுக்கு எங்கேர்ந்து கேக்கும்? வாய்விட்டுச் சொல்லணும்.”

டர்னர் என்பது அவன் பெயரல்ல, பிழைப்பு. கடல் தாண்டி வருவதற்கு முன்னால் இருபது வருஷம் ஒரு தொழிற்சாலையில் லேத்தில் நின்றவன். இங்கே வந்தபிறகு, அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே அழுக்குத் துணி வண்டி தள்ளுகிறான். ஆனாலும் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவன் டர்னர்தான். கோபம் வந்தால் மனைவிக்கும்.

அவளோ ஊரில் இருந்தவரை பச்சிளங்குழந்தைகள் வார்டிலேயே வேலை பார்த்தவள். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம்கூடத் தேறாத குழந்தைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும். கதவு சாத்துகிற சத்தத்துக்கே தூக்கிவாரிப்போடும். அங்கே பெரிய டாக்டருக்கு ஒரே ஒரு சட்டம்: கைதான் பேசணும், வாய் பேசக்கூடாது. அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நூல் மாதிரி ஓடும் நரம்பை விரல்நுனியால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். மூன்று தடவை குத்தித் தோற்ற டாக்டர்கள் கடைசியில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வருவாள், குழந்தையின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஒரு நிமிஷம் வைத்துச் சூடேற்றுவாள், போடுவாள், போய்விடுவாள். குழந்தை அழாது.

அந்தக் கையைத்தான் இந்த நாட்டு ஆஸ்பத்திரி கேட்டு வாங்கிக்கொண்டது. ஆனால் நர்ஸ் என்று பதிவு ஆவதற்கு பத்து வேலைகளைச் செய்து காட்டும் ஒரு செய்முறைப் பரீட்சை உண்டு. கட்டிலில் ஒரு பொம்மை படுத்திருக்கும். பக்கத்தில் ஓர் அம்மாள் தாளோடு நிற்பாள். செய்கிற ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். சொல்லாதது செய்யாதது. தேறும்வரைக்கும் உதவியாளர் வேலைதான். குழந்தைகளைத் துடைக்கலாம், துணி மாற்றலாம், பால் புட்டி கழுவலாம். ஊசி மட்டும் தொடக்கூடாது.

மூன்றே வாய்ப்பு. முதல் தடவை போனாள். கை கழுவினாள், பார்த்தாள், போட்டாள், மூடினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ரொம்ப நன்றாகச் செய்தேன் என்று சந்தோஷமாக வெளியே வந்தாள். தாளில் பாதிக் கட்டம் காலி. இரண்டாம் தடவை பேசினாள். ஆனால் கிசுகிசுத்தாள். ஏன் என்று டர்னர் கேட்டபோது, “பொம்மை கண்ணை மூடிப் படுத்திருந்துச்சுங்க. அது பாட்டுக்குத் தூங்குதேன்னு…” என்றாள். டர்னர் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்து அவள் முகத்தைப் பார்த்ததும், தன் நாக்கைப் பிடுங்கிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

இனி ஒன்றுதான் பாக்கி. அதுவும் போனால் நாலு வாரத்தில் ஆஸ்பத்திரி கணக்கு முடித்து அனுப்பிவிடும். வேலை போனால் விசா போகும். அவள் விசா போனால் அவனுடையதும் போகும். திரும்பிப் போனால் அவன் லேத்தில் வேறொருவன் நிற்கிறான். அவள் வார்டில் வேறொருத்தி இருக்கிறாள். குடியிருந்த வீட்டில் யாரோ குடியிருக்கிறார்கள். இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

அவள் அம்மாவுக்கு இது பிடிபடவேயில்லை. “ஏண்டி, இத்தனை வருஷம் நர்ஸா இருந்தவளுக்கு இன்னும் என்னடி பரீட்சை?” என்று போனில் கேட்டாள்.

“வாய் பேசலன்னு ஃபெயில் பண்ணிட்டாங்கம்மா.”

“யாரு, நீயா? வாய் பேசலன்னா? மாப்பிள்ளையக் கூப்பிடு, போய் சாட்சி சொல்லச் சொல்லு!”

அன்றிலிருந்து வீட்டில் வாய் மூடக் கூடாது என்று டர்னர் உத்தரவு போட்டிருந்தான். அவள் அடுப்படியில் நின்று, “இப்ப நான் உப்பு போடறேன். போடறதுக்கு முன்னாடி இது உப்புதான்னு உறுதி பண்ணிக்கறேன்,” என்று கத்துவாள். அவன் வாசலிலிருந்து, “நான் இப்ப ஷூ மாட்டறேன். இது வலது கால். இடது காலோட ஒப்பிட்டுப் பாத்துட்டேன்,” என்பான். மாடியில் இருந்தவர் ஒருநாள் இறங்கி வந்து, வீட்டில் ஏதும் தகராறா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவள் வருவாள். இவர்களுக்கு அப்புறம் இதே ஆஸ்பத்திரிக்கு வந்த பெண். கல்லூரி முடித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். தாளும் பேனாவுமாக நின்று பரீட்சைக்கார அம்மாள் வேஷம் கட்டுவாள்.

“அக்கா, உண்மையைச் சொல்றேன்,” என்றாள் ஒரு தடவை. “எனக்கு ஊசி எடுத்தா கை நடுங்கும். வாய் மட்டும் நடுங்காது. அதான் பாஸ் பண்ணிட்டேன்.”

“கை தானா வந்துரும் தாயி, பயப்படாத,” என்றாள் இவள்.

“உங்களுக்கு வாய் எப்ப வரும்கா?”

“அதத்தான் எங்க வீட்டு மகாராஜா தினமும் கேக்கறாரு.”

பரீட்சை அன்று டர்னர் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே போனான். வெளியே தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். மடியில் ரொட்டிப் பொட்டலம். உள்ளே இருந்து குரல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தான். வந்தது. அவன் பெண்டாட்டியின் குரலேதான், கணீரென்று. எழுந்து நின்றுவிட்டான். பெருமை தாங்கவில்லை. எதிர்ப் பெஞ்சில் இருந்த காவலாளியிடம், “என் வீட்டுக்காரி,” என்று தமிழிலேயே சொன்னான். அவரும் தலையை ஆட்டினார்.

அவள் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“ஒம்போது நல்லா வந்துச்சுங்க. கடைசிதான்.”

“என்ன ஆச்சு?”

“பொம்மைக் கையில நரம்பூசி போடணும். கட்டில்கிட்டப் போனேன். மணிக்கட்டுல பேரு சீட்டப் பாத்தேன். பாத்துட்டுச் சொல்றதுக்குள்ள கை முந்திக்கிச்சு. போட்டு முடிச்சப்புறம்தான் ‘பேரு சரி பாக்கறேன்’னு சொன்னேன்.”

“சொன்னியில்ல?”

“சொன்னேன். செஞ்சப்புறம் சொன்னேன்.”

டர்னருக்குப் புரிந்தது. லேத்தில் பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் தடவும்போது எவனாவது பக்கத்தில் நின்று, தடவப்போகிறேன் என்று முதலில் சொல் என்றிருந்தால் அவனுக்கு இன்றைக்குப் பத்து விரல் இருந்திருக்காது. “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது,” என்றான். “நீ சீட்டக் கண்ணால பாத்தத அந்தம்மா பாத்திருப்பா. மனுஷிதானே.”

ஐந்தாம் நாள் அவன் ஆஸ்பத்திரி அடித்தளத்தில் துணி மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். நனைந்த துணி சிவப்புப் பையில் ஒரு பக்கம், மற்றது வெள்ளைப் பையில் ஒரு பக்கம். லிஃப்ட் கதவு திறந்து அவள் வந்தாள். வேலை நேரத்தில் அவள் ஒருநாளும் அங்கே இறங்கி வந்ததில்லை. உதவியாளர்களுக்கான வெளிர்பச்சைச் சட்டையோடு ஒரு வெள்ளை மூட்டையின்மேல் உட்கார்ந்து போனை நீட்டினாள்.

“பத்துல ஒண்ணுதான் போச்சு,” என்றாள். “ஒண்ணு போனா எல்லாம் போச்சாம்.”

அவன் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“என்னாலதானே உங்க லேத்தயும் விட்டுட்டு வந்தீங்க,” என்றாள். குரல் உடைந்துவிட்டது.

“லேத்து கெடக்குது, இரும்புதானே அது. நீ அழாத. வெள்ளை மூட்டை நனைஞ்சா சிவப்புல போடச் சொல்லுவான் சூப்பர்வைசர்.”

அழுகையோடு சிரித்தாள். அவன் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்து, “வார்டு இன்சார்ஜ் அம்மா கூப்பிட்டுப் பேசினாங்க,” என்றாள். அந்த அம்மாள் கையைக் கோத்துக்கொண்டு தலையைச் சாய்த்துப் பேசுவதை அப்படியே செய்து காட்டினாள். “‘எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. விதி அப்படி, நான் என்ன செய்ய? உன்ன மாதிரி ஒரு கை இனிமே எங்களுக்குக் கெடைக்காது. அதனால போறதுக்குள்ள, நரம்பு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு நம்ம நர்ஸுங்களுக்கு ஒரு நாள் சொல்லிக் குடுத்துடு.’”

டர்னர் எழுந்தேவிட்டான். “என்ன நெஞ்சழுத்தம்! ஊசியத் தொடக்கூடாதுன்னு அனுப்பறாங்களாம், எப்படித் தொடறதுன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போவணுமாம். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்ல வேண்டியதுதானே?”

“சரின்னுட்டேன்.”

“ஏன்?”

“நேத்து ஒரு குழந்தைக்கு அஞ்சு எடத்துல குத்தினாங்கங்க. பொறந்து நாலு நாளு. அதுக்கு அழக்கூடத் தெம்பில்ல, வாய மட்டும் திறந்து திறந்து மூடுது. நான் பக்கத்துல புட்டி கழுவிக்கிட்டு நிக்கறேன். நான் போயிட்டா யாருங்க பாத்துக்குவாங்க?”

இவளைக் கட்டிக்கொண்டதற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று டர்னருக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்கும் வரவில்லை. லிஃப்ட்வரை கூடப் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு வந்தான்.

அடுத்த புதன்கிழமை மதியம் வண்டியைத் தள்ளிக்கொண்டு பச்சிளங்குழந்தைகள் வார்டுக்குப் போனான். உள்ளே விடமாட்டார்கள். மூட்டைகளைக் கதவோரம் வைத்திருப்பார்கள். கதவில் முகத்தளவுக்குக் கண்ணாடி.

ஒரு பெட்டியைச் சுற்றி கருநீலச் சட்டையில் நாலு நர்ஸுகள் நின்றார்கள். அவர்கள் நடுவில் வெளிர்பச்சைச் சட்டை. அவள் ஒவ்வொருத்தியின் ஆள்காட்டி விரலையும் பிடித்துக் குழந்தையின் பாதத்தில் வைத்தாள். கொஞ்சம் நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம். அந்தப் பெண் தலையாட்டும்வரை விடவில்லை. கடைசியாகச் சின்னவள் ஊசியை எடுத்தாள். கை நடுங்கியது. இவள் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். ஊசி போயிற்று. குழாயில் சொட்டு ரத்தம் ஏறியது. குழந்தை காலை உதைக்கவில்லை. சின்னவள் சத்தம் போடாமல் இரண்டு தடவை குதித்தாள். மற்ற மூவரும் ஓசையில்லாமல் கைதட்டுவதுபோல விரல்களை ஆட்டினார்கள். டர்னர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு நிஜமாகவே தட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

சின்னவள் ஒரு தாளோடு வெளியே வந்தாள். கதவுக்குப் பக்கத்துப் பலகையில் அதைக் குத்தினாள். அவனைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“அண்ணா…” என்றாள். “நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்ணா. மேல எழுதறதுக்குப் பதிவு நம்பர் இருக்கணுமாம்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். டர்னர் வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தான். அன்றைய பயிற்சிக்கு வருகைப் பதிவு. மேலே, பயிற்சி அளித்தவர் என்ற இடத்தில் சின்னவளின் பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. கீழே, பயிற்சி பெற்றவர்கள் என்ற பட்டியலில் மற்ற மூன்று நர்ஸுகள், ஆளுக்கொரு எண்ணோடு. நாலாவது வரியில், எண் எழுதவேண்டிய கட்டத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அவன் மனைவி அழுத்தந்திருத்தமாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.