முதல் கையெழுத்து

வலது மார்பு பண்ணைவீட்டுப் பிள்ளை துவார்த்தேவுக்கு, இடது மார்பு என் தம்பி பெல்மிருவுக்கு. அம்மா அப்படித்தான் பங்கு வைத்திருந்தாள். வலது பக்கம் வற்றினால் துவார்த்தேவை இடது பக்கம் மாற்றுவாள். அவன் குடித்த மிச்சம்தான் தம்பிக்கு. கூலிக்குப் பால் கொடுத்தவள் வேறென்ன செய்வாள்?

அந்தத் துவார்த்தே மந்திரியாகிவிட்டான் என்று கேள்விப்பட்டதும் ரொட்டியும் உப்புக்கண்டமும் கட்டிக்கொண்டு லிஸ்பனுக்கு ரயிலேறினேன். ரயில்வே வேலைநிறுத்தத்தில் பிடிபட்ட பெல்மிருவை ஆப்பிரிக்காவுக்கு நாடுகடத்த உத்தரவாகியிருந்தது. மறுநாள் மதியம் கப்பல். மந்திரி ஒரு கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்கள்.

அலுவலகம் முழுக்கப் பூங்கொத்து. போட்டோக்காரர் முன் நின்றுகொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் வந்து கட்டிக்கொண்டான், மூட்டையை வாங்கி முகர்ந்தும் பார்த்தான்.

"பெல்மிருவை மறப்பேனா, எர்மெலிண்டா? நாளைக்குக் காலையில பண்ணிடறேன்."

"பேனா மேஜைமேலதானே இருக்கு, சின்னய்யா."

"என் முதல் கையெழுத்து ஒரு பெரிய சட்டத்துல விழணும். கலாட்டா பண்ணவனை விட்டுட்டு ஆரம்பிச்சா பத்திரிகைக்காரன் கிழிச்சிடுவான்."

மறுநாள் காலை அதே அறையில் வேறு யாருக்கோ பூங்கொத்து வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் எங்கள் நாட்டில் மந்திரிசபைகளுக்கு ஈசல் ஆயுசு. நேரே அவன் வீட்டுக்குப் போனேன். என் உப்புக்கண்டத்தைத்தான் கடித்துக்கொண்டிருந்தான்.

"ராத்திரியே கவுந்துடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"சாயங்காலம் நிமிந்துதானே நின்னுது? எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"எதுலயும் போடலை."

பால் கொடுத்த அம்மாவின் மீதுகூடக் கோபம் வந்தது. அவன் கையிலிருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இது என் தம்பிக்கு."

துறைமுகத்தில் கைதிகளை வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெல்மிரு என்னைப் பார்த்துவிட்டான். காவல்காரனின் தோளைத் தட்டி, "எங்கக்கா. மந்திரியும் நானும் ஒரே தாய்ப்பால் குடிச்சவங்க. பாருங்க, என்னை இறக்கிவிடச் சொல்லி உத்தரவு வரும்" என்றான். காவல்காரன் சிரித்தபடி என்னிடமிருந்து உப்புக்கண்டத் துண்டை வாங்கி அவனிடம் கொடுத்தான்.

"துவார்த்தேவுக்கும் குடுத்தியாக்கா?"

"குடுத்தேன்டா."

பெல்மிருவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. துவார்த்தே கடித்திருந்த பக்கமாகவே வாயை வைத்துக் கடித்துக்கொண்டு கப்பலேறினான்.