ஆந்தையின் கன்னத்தில் சிவப்பு

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் நாற்காலியில் கிடைத்தது. வாய் பிளந்து, கன்னத்துக்குள் பஞ்சு அடைத்துக் கிடந்தேன். குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லை. ஓட்டைகள் இருந்தால் அதுதான் காரணம்.*

முதல் தொடக்கம்: "கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன், ஏதென்ஸ் நகரத்தில்..." வேண்டாம். அங்கே போனால் திரும்பிவர முடியாது.

இரண்டாவது: "அவர் மனைவியைவிட நாணயத்தை..." சே, இதை எழுதாதவர் யார்? அடித்துவிட்டேன்.

(* கதையில். பல்லில் இருந்ததை அவர் அடைத்துவிட்டார்.)

2

சரி, நேராகவே சொல்லித் தொலைக்கிறேன். டாக்டர் பழைய கிரேக்க வெள்ளி நாணயங்கள் சேர்ப்பவர். அவற்றில் செல்லப்பிள்ளை ஓர் ஏதென்ஸ் காசு. ஒரு பக்கம் அதீனா தேவியின் தலை, மறுபக்கம் முழித்துப் பார்க்கும் ஆந்தை. காலம் போகப் போக வெள்ளி கறுக்கும். சேர்ப்பவர்களுக்கு அந்தக் கறுப்புதான் உயிர், தேய்ப்பது மகாபாவம். நாள் முழுக்க ஊரார் பல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற மனிதர், தேய்க்கவே கூடாத பொருள் ஒன்று உண்டு என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. (எனக்கு எரிச்சல் இங்கேதான் தொடங்கியது.)

மனைவிதான் அவருக்கு உதவியாளரும். ஞாயிற்றுக்கிழமை நாணயச் சங்கக் கூட்டத்தில் டாக்டர் அந்தக் காசைக் காட்டிப் பேசவேண்டும். மனிதர் அழுக்குக் காசோடு போய் நிற்கக்கூடாதே என்று, பல்லுக்கு மெருகேற்றும் பசையைத் தடவி, சுழலும் தூரிகையால் ஆசை ஆசையாகத் தேய்த்தார். ஆந்தையின் கன்னத்தில் செம்பு எட்டிப் பார்த்தது.

காத்திருந்த நோயாளிகள் முன்னிலையில் டாக்டர் கத்தினார்: "உனக்கு அறிவிருக்கா?"

3

அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வது நோயாளி வழியாக மட்டும். நான் போன அன்று தபால்காரன் நான்.

"சார், இவகிட்ட சொல்லுங்க. போர்ல வெள்ளி தீர்ந்துபோனப்ப அந்த ஏதென்ஸ் ஊரே செம்புக்கு வெள்ளி முலாம் பூசிக் காசு அடிச்சுது. இது அதுவா இருக்கலாம். ஞாயித்துக்கிழமை அதைத்தான் பேசப்போறேன். என் கண்டுபிடிப்பு!"

"தேய்ச்சது யாருன்னு அவரைக் கேளுங்க சார்."

"தேய்ச்சது இவ. கண்டுபிடிச்சது நான்."

என் வாயில் எச்சில் உறிஞ்சிக்கொண்டிருந்த குழாய் நின்றது. அந்த அம்மா அதைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார்.

"காசு எப்படியோ போகட்டும் சார். எல்லார் முன்னாடியும் அறிவிருக்கான்னு கேட்டார்ல? எல்லார் முன்னாடியும், இவதான் கண்டுபிடிச்சான்னு சொல்லட்டும். இல்லேன்னா திங்கக்கிழமையிலேருந்து இந்தக் குழாயை அவரே பிடிச்சுக்கட்டும்."

4

முடிவுகள்.

அ) கூட்டத்தில் டாக்டர் எழுந்து, "என் மனைவி..." என்று தொடங்கி, தொண்டை அடைக்க... நடக்காது. நான் பார்த்த மனிதர் அப்படிப்பட்டவர் இல்லை.

ஆ) திங்கட்கிழமை. ஒரு கையில் குழாய், மறுகையில் கருவி, நோயாளி தன் எச்சிலிலேயே முங்கி... நோயாளி என்ன பாவம் செய்தார்?

இ) அது போர்க்காலக் காசே அல்ல, எவனோ அந்தக் காலத்துக் கள்ளன் அடித்த போலி என்று சங்கத்தில் ஒருவர் சொல்லிவிடுகிறார். "இவதான் கண்டுபிடிச்சா!" என்று டாக்டர் உடனே ஒப்புக்கொள்கிறார். இதை எழுதினால் அந்த அம்மா என்னை மன்னிக்கமாட்டார்.

5

இருவரும் என் முகத்துக்கு நேரே குனிந்தார்கள். "நீங்களே சொல்லுங்க சார், யாரு கண்டுபிடிச்சது?"

பதில் தெரியும். நாக்கு மரத்துக் கிடந்தது. "ஆ..." என்றேன். அது தனக்குச் சாதகம் என்று இருவருமே தலையாட்டிக்கொண்டார்கள்.

இன்று சனிக்கிழமை. மரப்பு போய்விட்டது, துணிச்சல்தான் வரவில்லை. அடுத்த வாரம் எனக்கு இன்னொரு பல் பாக்கி இருக்கிறது. உங்கள் பற்கள் நன்றாகத்தானே இருக்கின்றன? நாளைக் கூட்டத்துக்குப் போய், கண்டுபிடித்தது யார் என்று நீங்கள் சொல்லுங்கள். அந்த அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்.