மூன்றாவது லேனில் காதுகுத்து

பவுலிங் கூடத்தில் எண்ணெய் போடாத லேனில் வேதமூர்த்தி உருட்டிவிட்ட பந்து முந்தாநாள் புறப்பட்டது. எதிர்க்கோடியில் நிற்கும் கட்டைகளை இன்னும் போய்ச் சேரவில்லை. காய்ந்த பலகையில் பவுலிங் பந்து தயங்கித் தயங்கித்தான் போகும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

வயிற்றெரிச்சல்தான் உண்டு. இன்றைக்குத் தங்கச்சி கஸ்தூரியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்துவார்கள். இவனை விட்டால் அந்தக் குழந்தைக்கு வேறு மாமன் கிடையாது.

மேனேஜர் ஆரோக்கியம் தங்கமான மனிதர். சட்டம் பேசும்போது மட்டும் மனிதரே இல்லை. எல்லா லேனிலும் பந்து எப்படி ஓடுகிறது என்று பார்த்துச் சொன்னால்தான் வெளியே விடுவேன் என்றார். கதவு எங்கே என்று கேட்டதற்கு, சொன்ன பிறகு வரும் என்றார்.

ஒருவழியாகப் பந்து போய்ச் சேர்ந்தது. ரொம்ப வளைகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த லேனுக்கு ஓடினான். அங்கே எண்ணெயோ எண்ணெய். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அங்கே எறும்புக்கே சறுக்கியது. பந்து வளையாமல் நேராகப் போனது. அதையும் சொன்னான். கதவு வந்தது. கைப்பிடி இல்லை.

மூன்றாவது லேனில் கட்டைகளுக்குப் பதிலாகச் சொந்தக்காரர்கள் நின்றார்கள். முன்னால் ஊசியோடு ஆசாரி, பக்கத்தில் குழந்தையோடு கஸ்தூரி. வேதமூர்த்திக்கு உயிரே திரும்பி வந்தது. லேன் தொடங்கும் கோட்டைத் தாண்டக் காலெடுத்து வைத்தான். கோடும் கூடவே நகர்ந்தது.

"பந்த விடுங்க" என்றார் ஆரோக்கியம்.

"கொழந்த நிக்குதுங்க."

"லேன் நல்லாத்தான இருக்கு?"

நெடுநேரம் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். கை ஓய்ந்துபோனது. மெதுவாக உருட்டிவிட்டான். பந்து நேராகப் போய், கடைசியில் பதவிசாக வளைந்து, கஸ்தூரியின் காலடியில் நின்றது.

"வந்துட்டியாண்ணே" என்றாள் அவள் பந்தைப் பார்த்து. "எம்புட்டு நேரமாக் காத்துக்கெடக்கோம்."

பந்துக்குச் சந்தனம் பூசினார்கள். மாலை போட்டார்கள். புதுத்துண்டு விரித்துக் குழந்தையைப் பந்தின்மேல் உட்கார்த்தினார்கள்.

"கஸ்தூரி, நான் இங்க இருக்கேன்" என்று கத்தினான். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, யார் அது என்று பக்கத்தில் விசாரித்தாள். யாரோ பந்து பார்க்கிறவர் என்றார்கள்.

ஆசாரி ஊசியை ஏற்றினார். குழந்தை வீறிட்டுப் புரண்டது. பந்து அசையவே இல்லை. அழுகை அடங்கியதும் குழந்தை அதைக் கட்டிக்கொண்டு கன்னத்தை வைத்துக்கொண்டது.

"இந்த லேன்ல பந்து எப்படி?" என்று கேட்டார் ஆரோக்கியம்.

 வேதமூர்த்திக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆடாம நிக்குதுங்க" என்றான்.