பல் டாக்டரைப் பார்த்துக்கொண்டவள்

ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி முகம் மழித்திருந்த நிலையில் இறந்துபோனார். மறுநாள் காலை வழக்கம்போல மீதிப் பாதிக்கும் தாடையை உயர்த்திக் காட்டினார். இறந்ததில் சந்தேகம் எதுவும் இல்லை. மருத்துவர் வந்து நாடி பார்த்துச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தார். சவ வண்டியோடு வந்த நாலு பேர் ஜன்னலோர நாற்காலியிலிருந்து அவரைத் தூக்கப் பார்த்து, இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அவரைப் பார்த்துக்கொண்டவள் அக்குளில் கை கொடுத்தால் மட்டும், காய்ந்த துண்டுபோல எடையில்லாமல் எழுந்து குளியலறை வரை நடந்தார். சாப்பாடு கேட்கவில்லை, பேச்சு இல்லை, வாடையும் இல்லை. தாடி மட்டும் உயிரோடிருந்த காலத்தைவிட மும்முரமாக வளர்ந்தது.

நாலு வயது மகளைத் தங்கையின் இடுப்பில் ஏற்றிவிட்டு, கடல் கடந்து அந்த வீட்டு வேலைக்கு வந்து அவளுக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பத்து வருடம் முடித்தால் நிரந்தரமாகத் தங்க மனுப் போடலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையையும் வரவழைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒருமுறை ஊர் போய் வந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும் என்பதால் அவள் போகவே இல்லை. மகளை வளர்த்தது போன்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை, பல் டாக்டரின் கண் செருகுவதைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் காதருகே சொன்னாள்.

"இன்னும் ஒரு வருஷம் இருங்க ஐயா. என் பொண்ணு வரணும்."

அவர் இருந்துவிட்டார். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

நூலகத்து மாடியில், சட்டம் புரியாதவர்களுக்குப் பேச்சு மொழியில் சட்டம் சொல்ல ஒரு வக்கீலம்மா சனிக்கிழமைகளில் உட்காருவார். விவாகரத்து, பாகப்பிரிவினை, விசா எதுவானாலும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவார் என்று பெயர். இவள் போய் முதலில் வீட்டைப் பற்றிக் கேட்டாள். பின்கட்டு அறை உனக்குத்தான் என்று ஐயா பலமுறை சொல்லியிருந்தார்.

"வாயால சொன்னது சட்டத்தோட காதுல விழாதும்மா. வீடு அவர் பிள்ளைங்களுக்கு. உனக்கு ஒரு செங்கல்கூட இல்ல," என்றார் வக்கீலம்மா. பிறகு அனுமதிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பராமரிப்பு தேவைப்படும் வரை தங்கலாம் என்றுதான் அதில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை என்று விளக்கினார். குடிவரவு அதிகாரி நேரில் வந்து பார்த்தார். தானே மழித்துப் பார்க்கிறேன் என்று கத்தியை வாங்கினார். பிணம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பராமரிப்பு தேவைதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பத்தாவது வருடமும் முடிந்தது. மனுவுக்கு வந்த பதிலை வக்கீலம்மா இரண்டு தடவை படித்தார்.

"நீ இங்க இருக்கலாம். ஆனா இந்த ஒரு வருஷம் சேராதாம். உயிரோட இருக்கறவங்களப் பாத்துக்கிட்ட காலத்தைத்தான் எண்ணுவாங்களாம்."

மேல்முறையீடு செய்தார்கள். அது நாலு வருடம் நடந்தது. அதற்குள் மகள் பெரியவளாகி, பள்ளி மாறி, போனில் ஒற்றை வார்த்தைகளில் பேசப் பழகி, பிறகு அம்மா கூப்பிடும் நேரத்தில் குளிக்கப் போகப் பழகினாள். இங்கே பல் டாக்டரின் மகனும் மகளும் வீட்டை விற்க முடியாமல் தவித்தார்கள். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிணத்தோடு சேர்த்து வாங்க ஆள் வரவில்லை. தங்கைதான் அப்பாவைத் தூண்டிவிடுகிறாள் என்று அண்ணனும், அண்ணன்தான் என்று தங்கையும் நம்பி, பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அப்பாவிடம் தனித்தனியாக வந்து ஒருவரைப் பற்றி ஒருவர் கோள் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வந்தது. இறந்தவரைப் பராமரித்ததும் பராமரிப்பே என்று நீதிபதி எழுதியிருந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது.

"ஜெயிச்சுட்டோம்," என்று சொன்ன வக்கீலம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கோபப்படக்கூட ஆள் இல்லை. எல்லாரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து பல் டாக்டரின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "போதும் ஐயா. இனிமே நீங்க போகலாம்," என்றாள். அவர் தாடையை உயர்த்திக் காட்டினார். மறுநாளும் சொன்னாள், அதற்கும் தாடைதான் பதில். தனக்காகத்தான் இத்தனை வருடம் இருந்தார் என்று நினைத்திருந்தவளுக்கு, மனிதருக்கு இது பழகிப்போய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது. பெட்டியைக் கட்டினாள். வாசல் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நாலு பேர் தூக்க முடியாத பிணம் தானாக எழுந்து அவள் பின்னால் நடந்து வந்தது. பிள்ளைகள் இருவரும் தடுக்கவில்லை. அந்த மாதமே வீடு விலைபோனது.

விமான நிலையத்தில் கொஞ்சம் தாமதமானது. பெட்டிக்குள் வைத்து அனுப்பும் பிணத்துக்கு ஒரு விதி இருந்தது, இருக்கையில் உட்கார்ந்து போகும் மனிதருக்கு ஒரு விதி இருந்தது. நடந்து வரும் பிணத்துக்கு இல்லை. அவள் வக்கீலம்மாவுக்கு போன் போட்டுக் கொடுத்தாள். இறந்தவருக்கு விசா கொடுக்கச் சட்டம் இல்லை, அதனால் அவரிடம் விசா கேட்கவும் சட்டம் இல்லை என்று அவர் அதிகாரிக்குப் புரியும்படி சொன்னார். அவளுக்குப் பதினாலு வருடம் திறக்காத எல்லை, அவருக்கு ஒரு போனில் திறந்தது. ஜன்னலோர இருக்கையும் கிடைத்தது.

மகள் சித்தியோடு வந்திருந்தாள். அம்மாவைவிட உயரமாக இருந்தாள். "வாங்க," என்றாள், விசாரணைக்கு வந்த அதிகாரியைச் சொல்வதுபோல. இரவு சித்தியின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பல் டாக்டரை ஜன்னலோரம் உட்காரவைக்கத் தன் படிக்கும் மேசையை மட்டும் தள்ளிப்போட்டாள். ஒரு வாரம் போயிருக்கும். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து மகளின் குரல் கேட்டது. போனில் ஒருநாளும் கேட்டிராத, கொஞ்சுகிற குரல்.

"மூஞ்சில வெயில் அடிக்குது தாத்தா. இப்படி வாங்க, நான் பிடிச்சுக்கறேன்."

நாற்காலி நகர்ந்தது. அவள் குழாயை மூடாமல் நின்றாள். தன்னை அந்தப் பெண் ஏதாவது சொல்லிக் கூப்பிட இன்னும் வெகுகாலம் ஆகும் என்று தெரிந்தது. தெருவில் யாரும் பல் டாக்டரைப் பெரிதாகப் பேசவில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் எதையாவது கொண்டுவருவது வழக்கம்தான்.